மின்காந்த நிறமாலையை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: மதுரையில் பிளஸ் டூ படிக்கிறேன். ரேடியோ அலை, ஒளி, எக்ஸ் கதிர் எல்லாம் ஒரே வகை அலை என்கிறது பாடம். அப்படியென்றால் ஒன்று சுவரைத் தாண்டுகிறது, இன்னொன்று நின்றுவிடுகிறதே, ஏன்? அட்டவணையும் மனதில் நிற்கவில்லை.

பதில்:

அட்டவணையைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். அதிலுள்ள பெயர்கள் நம் வசதிக்காக நாம் வைத்தவை. இயற்கையில் அந்தக் கோடுகள் இல்லை. எல்லாமே வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஆகவே மீட்டரில் உள்ள அலைநீளத்தை ஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் பெருக்கினால் எப்போதும் 3×10⁸ தான். எந்த அலையைப் பார்த்தாலும் முதலில் அதன் நீளம் என்னவென்று கேளுங்கள்.

கோடைப் பண்பலை (கொடைக்கானல் எஃப்.எம். வானொலி) 100.5 மெகா ஹெர்ட்ஸ். அதிர்வெண் மெகா ஹெர்ட்ஸில் இருந்தால் 3×10⁸-க்குப் பதில் 300 போதும். 300-ஐ 100.5-ஆல் வகுத்தால் சுமார் 2.99 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ.; ரேடியோ ஏரியலை ஏறத்தாழ அவ்வளவு இழுத்து வைத்தால் நன்றாக எடுக்கும். திருச்சி வானொலியின் 936 கிலோ ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 320 மீட்டர். கால் பங்கே 80 மீட்டர், அவ்வளவு கம்பிக்கு எங்கே போவது? பெட்டிக்குள் ஃபெர்ரைட் என்ற காந்தப் பொருளின் தண்டில் சுற்றிய சுருள்தான் அந்த வேலையைச் செய்கிறது. மீடியம் வேவ் கேட்கும்போது ஏரியலை இழுத்துப் பயனில்லை, பெட்டியையே திருப்ப வேண்டும் என்பது இதனால்தான். சிறுமலை போல ஒரு மலை குறுக்கே நின்றால் 3 மீட்டர் அலை பெரும்பாலும் மறைந்துபோகும். 320 மீட்டர் அலை வளைந்து வந்துவிடும்.

அலைநீளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? மைக்ரோவேவ் அடுப்பும் நாலு அப்பளமும் போதும். சுழலும் கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு, ஒரு பீங்கான் தட்டை அசையாமல் வைத்து, பொரிக்காத அப்பளங்களைப் பரப்புங்கள். 15 முதல் 20 நொடி போதும். அங்கங்கே திட்டுத் திட்டாகப் பொரிந்திருக்கும். அடுத்தடுத்த திட்டுகளின் நடுவிலிருந்து நடுவரை ஸ்கேலால் அளந்தால் 6 செ.மீ. அளவில் வரும். உள்ளே உருவாவது, போகிற அலையும் சுவரில் மோதித் திரும்புகிற அலையும் சேர்ந்த நிலை அலை என்பதால் இது பாதி அலைநீளம்; முழுசு 12 செ.மீ. அடுப்பின் பின்புறம் பெரும்பாலும் 2450 மெகா ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். பெருக்கிப் பாருங்கள், ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விடை 1.5×10⁸ என்று வந்தால் இரண்டால் பெருக்க மறந்துவிட்டீர்கள். நேரம் கூடினால் அப்பளம் முழுக்கப் பொரிந்து திட்டே தெரியாது. திட்டுகள் ஒழுங்காக அமையாது, எனவே நாலைந்து இடைவெளிகளை அளந்து சராசரி எடுங்கள். கதவுக் கண்ணாடியில் உள்ள உலோக வலையையும் கவனியுங்கள். அதன் ஓட்டைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான், 12 செ.மீ. அலைக்கு அது மூடிய சுவர்; அரை மைக்ரான் ஒளிக்குத் திறந்த வாசல்.

இனி உங்கள் சுவர். ஒளியைச் செங்கல் உறிஞ்சும், சிதறடிக்கும். ரேடியோ அலைக்குச் செங்கல் மின்கடத்தி அல்ல, அதன் துகள்களும் அலையைவிட மிகச் சிறியவை. அதனால் பெரும்பகுதி ஊடுருவும். அதே அலை தகரக் கொட்டகைக்குள் திணறும். எக்ஸ் கதிர் வேறு காரணத்தால் ஊடுருவுகிறது: அதன் ஒவ்வொரு ஃபோட்டானிலும் (ஆற்றல் பொட்டலத்திலும்) அத்தனை ஆற்றல். 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் கிடைக்கும். சிவப்பு ஒளி 650 நானோமீட்டர் என்றால் 1.9, 0.1 நானோமீட்டர் எக்ஸ் கதிர் 12,400. கோடைப் பண்பலையின் ஃபோட்டானோ ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் கோடியில் நாலு பங்குதான். மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ரேடியோவின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும், நிலையத்தின் திறனை எவ்வளவு ஏற்றினாலும் அந்த ஒரு ஃபோட்டான் வளராது.

நீண்ட ரேடியோ அலை, குட்டையான ஒளி அலை இரண்டையும் ஒரே மலையில் பார்க்கலாம். கொடைக்கானலிலிருந்து 3 மீட்டர் அலை கிளம்புகிறது. அங்குள்ள சூரிய ஆய்வகம் கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஒளியில் சூரியனைப் படமெடுத்துவந்தது. நம் கண்ணின் ஊதா எல்லையை ஒட்டிய அலை அது. இரண்டுக்கும் சுமார் 76 லட்சம் மடங்கு வித்தியாசம், வேகமோ ஒன்று.

தேர்வில் மதிப்பெண் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ஒளி நீருக்குள் நுழைந்தால் அதிர்வெண் மாறும் என்று எழுதுவது. அது மாறாது. அலைநீளம்தான் 600 நானோமீட்டரிலிருந்து 450 ஆகச் சுருங்கும். அடுத்தது, காமாவுக்கு எப்போதும் எக்ஸ் கதிரைவிட ஆற்றல் அதிகம் என்று எழுதுவது. பிரிப்பது பிறப்பிடம்: காமா அணுக்கருவிலிருந்து வருவது, எக்ஸ் கதிர் எலக்ட்ரானிலிருந்து வருவது. கோபால்ட்-60 காமா 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நேர்கோட்டு முடுக்கியின் எக்ஸ் கதிர் 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரைகூடப் போகும்.