கொயோட்டி வேட்டைக்கு வேறு மாநிலம் போவதென்றால் எங்கே போகலாம்?

"கொயோட்டி எந்த மாநிலத்தில் அதிகம், வெளிமாநிலத்தவருக்கு உரிமக் கட்டணம் எங்கே குறைவு" என்று கேட்டிருக்கிறீர்கள். (தெரியாதவர்களுக்கு: கொயோட்டி என்பது வட அமெரிக்காவில் வாழும், சிறு ஓநாய் போன்ற விலங்கு.) 2022-இல் நானும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். இரண்டுக்கும் சரியான பதிலே கிடைத்தது. அதை நம்பிப் போனதில் ஐந்து நாள் விடுப்பும் 2000 மைல் பெட்ரோலும் கரைந்தன. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. வழக்கமாக இந்தத் தளத்தில் படிப்பதோடு நிறுத்திக்கொள்பவன், இந்தக் கேள்வியைக் கண்டதும் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். தமிழில் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் ஏதோ கணினி வேலை. ரைஃபிள் வாங்கி ஓரிரு வருடம் ஆகியிருக்கும், சுடுதளத்தில் காகிதத்தைத்தான் அதிகம் சுட்டிருப்பீர்கள். ஒரு வார விடுப்பு இருக்கிறது. வீட்டில் முழுச் சம்மதம் இல்லை. தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

எச்-1பி போன்ற விசாவில் இருந்தால் எந்த மாநிலம் என்று பார்ப்பதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நான் வழக்கறிஞன் அல்ல, உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இதில்தான் நான் மாட்டிக்கொள்ள இருந்தேன். வயோமிங்கில் கொயோட்டி 'வேட்டையாடி விலங்கு' என்ற பட்டியலில் வருவதால், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் யாருக்கும் உரிமம் தேவையில்லை. 'ஆகா, இலவசம்' என்று 2022 மார்ச் முதல் வாரத்துக்குத் திட்டம் போட்டேன். நான் இருப்பது மினியாபொலிஸில். மினசோட்டா உரிமம் பிப்ரவரி கடைசியோடு காலாவதியாகிவிடும். அன்றைக்கு நான் எச்-1பி. வயோமிங் உரிமம் கேட்காது, மினசோட்டா உரிமம் செத்துப்போயிருக்கும், கையில் ரைஃபிள் இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பக்கத்து வீட்டுக்காரர்தான் கேட்டார்: "உன் உரிமத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது?" அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். தேதி பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அந்த இரவே இணையத்தில் புதிய உரிமம் வாங்கினேன்.

அவரும் நானும் சனிக்கிழமை கிளம்பினோம். குறி, 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கும் ராலின்ஸ். ஞாயிறு மதியம் லாரமியை அடைந்தபோது நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ரயில்வே கேட் போல ஒரு கம்பம் இறங்கியிருந்தது. மேற்கே சாலை மூடல். பனி குறைவுதான், காற்றுதான் காரணம். விழுந்த பனியைத் தூக்கி மீண்டும் சாலையில் கொட்டிக்கொண்டே இருந்தது. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே குளிர்காலத்தில் இது வழக்கமாம். வழக்கம் என்பது மோட்டல்காரர் எங்களைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. இரண்டு இரவுகள். ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வாடகை மட்டும் இலவசமில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பம் தூக்கப்பட்டது. அதன் பிறகுதான் உண்மையான பாடம். வீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தபோது மத்திய அரசு நிலம் மஞ்சளாகக் கிடந்தது, கண் கொள்ளாத பரப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் அது சதுரங்கப் பலகை. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்ட கம்பெனிக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக அரசு நிலம் கொடுத்ததன் மிச்சம் இது. ஒரு கட்டம் பொது நிலம், அடுத்தது தனியார். பொதுக் கட்டத்திலிருந்து இன்னொரு பொதுக் கட்டத்துக்குப் போக, நான்கு கட்டங்களும் சந்திக்கும் மூலைப் புள்ளியைத் தாண்ட வேண்டும். அப்படி எல்க் மலையில் ஏணி வைத்துத் தாண்டிய நான்கு மிசோரி வேட்டைக்காரர்கள்மீது 2021-இல் அத்துமீறல் வழக்குப் போட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது அது விசாரணைக்குக் காத்திருந்தது, அதே மாவட்டத்தில். விசாவில் இருக்கும் ஒருவன் அந்த மூலையைத் தாண்டுவானா? (2025 மார்ச்சில் 10-ஆவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அது அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்ட வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆகியவற்றுக்குத்தான். மொன்டானாவில் போய் இதைச் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.)

ஆக, சாலையைத் தொட்ட கட்டங்களில் மட்டும் உட்கார்ந்தோம். சாலையைத் தொட்ட கட்டத்தில் எங்களுக்கு முன் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். கொயோட்டியை வரவழைக்க முயல் அலறும் ஒலியைக் கருவியில் போட்டால் காற்று அதைக் கிழித்து நெப்ராஸ்கா பக்கம் கொண்டுபோனது. புதன் மாலை ஒரே ஒரு கொயோட்டி வந்தது. எல்லாக் கொயோட்டியும் செய்வதைத்தான் செய்தது. சத்தத்தை நோக்கி நேரே வராமல் வட்டமடித்துக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் போய் மூக்கைத் தூக்கியது. இரண்டு மனிதர்களின் வாடை. அவசரமே இல்லாமல் நடந்துபோய்த் தனியார் கட்டத்துக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. கைபேசி வரைபடத்தில் என் நீலப் புள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். அதுவும் ஒரு வரைபடம் வைத்திருந்ததோ என்னவோ.

வயோமிங் மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பண்ணையாரைத் தெரிந்தவர்கள் நன்றாக வேட்டையாடுகிறார்கள், எனக்குத் தெரியும். யாரும் கீழே வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம். யாரையும் தெரியாமல் கட்டணத்தை மட்டும் பார்த்துப் போனது என் தவறு.

அடுத்த வருடம், 2023 பிப்ரவரியில், தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி. வெளிமாநிலத்தவர் இதற்கென்று தனி உரிமம் வாங்க வேண்டும், நான் வாங்கியபோது 40 டாலர். அதோடு வாழிட முத்திரைக்கும் (விலங்குகளின் வாழிடப் பராமரிப்புக்கென்று வாங்கும் கட்டணம்) பணம் கட்டினேன். மினியாபொலிஸிலிருந்து வால் என்ற சிற்றூருக்கு எட்டு மணி நேரம், நேர்ச்சாலை. அதைச் சுற்றிப் பஃபலோ கேப் தேசியப் புல்வெளி, வனத்துறையின் பொது நிலம். பக்கத்திலேயே பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது, அதற்குள் துப்பாக்கியோடு வேட்டை என்று நினைக்கக்கூட வேண்டாம். தெற்கே பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம். மாநில உரிமம் அங்கே செல்லாது. எல்லை எங்கே என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு கேட் திறந்தோம். அந்தப் பக்கத்துக் கேட் என்பது நான்கு முள்கம்பியும் மூன்று குச்சியும்தான். ஓரக் கம்பத்தை மேலும் கீழும் கம்பி வளையத்தில் மாட்டி இழுத்துக் கட்டியிருப்பார்கள். திறப்பது சுலபம். மூடுவதற்குக் கம்பத்தை மார்போடு அணைத்து, தோளால் தள்ளி, பல்லைக் கடித்தால்தான் மேல் வளையம் ஏறும். என் புதுச் சட்டை அக்குளில் கிழிந்தது. மூன்று முறை முயன்று மூடினேன். தூரத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் புல்வெளியில் மாடு மேய்க்க அனுமதி பெற்ற பண்ணையார் அவர். எழுபது வயது இருக்கும். ஜன்னலை இறக்கி, "பாதிப் பேர் அதைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்" என்றார். பிறகு, மார்ச் நடுவில் கன்று ஈனத் தொடங்கும், கன்றுப் பட்டிக்குப் பின்னால் உள்ள ஓடையில் ஒரு ஜோடி சுற்றுகிறது, நாளை வாருங்கள் என்றார். நான் கேட்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலை மைனஸ் இருபது, காற்று லேசாக வடக்கிலிருந்து. பிப்ரவரி இணை சேரும் காலம். முயல் ஒலி எதுவும் போடாமல் பெண் கொயோட்டியின் ஊளையை ஒரே ஒரு முறை விட்டார் தபால்காரர். பிறகு மௌனம். ஓடைக் கரையின் நிழலில் முதுகை மண்ணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது நிமிடம் எதிர்ச் சரிவில் இரண்டு வெளிர் உருவங்கள். ஆண் முன்னால். நூற்றிருபது கெஜத்தில் நின்று பக்கவாட்டில் திரும்பியது. அதற்கு .223 ரகச் சிறு தோட்டா போதும். கிட்டே போனபோது அதன் மீசை மயிரில் மூச்சு உறைந்து வெள்ளை மணிகளாக நின்றது. பெண் தப்பிவிட்டது. இதனால் அவருடைய கன்றுகளெல்லாம் பிழைத்தன என்று நான் கதைவிடப் போவதில்லை.

'தின்னாத விலங்கை ஏன் சுட வேண்டும்' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: என் அம்மாவும் அதையேதான் கேட்டார், அவருக்கே என்னால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் வாழப்பாடிப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் பொங்கல் முடிந்ததும் வங்காநரியை வலைவைத்துப் பிடித்து ஊர்வலம் விட்டு, நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பார்கள். வனத்துறை அபராதம் போடுகிறது, போடத்தான் வேண்டும். அது பாதுகாக்கப்பட்ட உயிர். கொயோட்டி ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் பரவிக் கிடக்கிறது, ஓநாய் ஒழிந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொயோட்டியோடு எடுத்த படத்தை ஒரே ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் அது நான் உறுப்பினராக இருந்த தமிழ் அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. ஆறு வருடம் இருநூறு பேருக்கு வெண்பொங்கல் கிண்டியவன் நான், மிளகு எத்தனை, நெய் எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டவனும் நான்தான். அடுத்த பொங்கலுக்குச் சமையல் குழுவில் என் பெயர் இல்லை. 'சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது' என்றார்கள். அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் பரிமாறியது ஆட்டுக்கறிப் பிரியாணி. அந்த வருடப் பொங்கல் கட்டிதட்டிப் போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்று சொன்னால் பொய்.

மற்ற மாநிலங்கள்: டெக்சஸில் கொயோட்டி ஏராளம், ஆனால் ஏறத்தாழ 95 சதவீத நிலம் தனியாருடையது. பணம் கட்டிப் போவதானால் சரி. அரிசோனாவில் பொது நிலம் நிறைய, குளிரும் இல்லை, ஆனால் வெளிமாநிலத்தவர் மீன்பிடியும் சேர்ந்த 160 டாலர் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. நியூ மெக்சிகோவில் உள்ளூர்க்காரருக்கு உரிமம் வேண்டாம், உங்களுக்கு வேண்டும். தோலை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிர்க் கோட்டின் தொப்பி ஓரத்துக்கு இந்த மயிரை வாங்கிக் குவித்த கனடா கூஸ் நிறுவனம் 2021-இலேயே புதிதாக மயிர்த்தோல் வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

போவதானால் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. காற்று மணிக்கு 15 மைலுக்கு மேல் என்றால் அறையிலேயே தூங்குங்கள். ஒரு மாதம் முன்பே வரைபடத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். கன்று ஈனும் காலத்துக்கு முன் பண்ணையார்கள் மான் வேட்டைக்காரனிடம் பேசுவதைவிட உங்களிடம் இன்முகமாகவே பேசுவார்கள். என் பண்ணையாரின் எண்ணை மட்டும் தனிச்செய்தியில் கேட்காதீர்கள். தரமாட்டேன்.