தாத்தா கட்டிய அறுவை மில்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய இரும்புச் சட்டமும் வார்ப்பு வீலும் வாங்கித் தாத்தா தன் கையாலேயே கட்டிய வீல் விட்டம் 36 அங்குலமுள்ள பேண்ட்சா, பதினைந்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. பிளேடு மாட்டி ஓட்டிப் பார்க்கலாமா?
*- வாசகர், செங்கோட்டை*

பதில்: இப்போது மாட்டாதீர்கள். மோட்டார் சுற்றுவதை வைத்து மில்லின் நிலையைச் சொல்ல முடியாது. பேண்ட்சா என்பது மேல், கீழ் என இரண்டு வீலில் வளைய பிளேடு ஓடி மரம் அறுக்கும் இயந்திரம். அதன் உயிர் அந்த வீல்களில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஆரத்தையும் விளிம்பையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல வார்ப்பிரும்பு கணீரென்று ஒலிக்கும். 'டொக்' என்று அடங்கினால் எங்கோ விரிசல். விரிசல் விட்ட வீலைப் பற்றவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

அடுத்து விளிம்பின் மேல் இரும்பு ஸ்கேலை குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் பிளேடு உட்காரும் இடம் குழிந்திருக்கிறது. குழிந்த வீலில் எந்த பிளேடும் நிலையாக நிற்காது. வீலைக் கழற்றி லேத்தில் கடைவதைவிட, மாட்டியபடியே சுற்றவிட்டு சாணைக்கல்லால் தேய்த்தெடுப்பது மேல். அப்போதுதான் அது சுற்றுகிற மையத்துக்குச் சரியாக விளிம்பு வட்டமாகும்.

பேரிங்கில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஒரே நிலையில் கிடந்து துருப்பிடித்த பேரிங் ஓட ஓடச் சரியாகாது. பிறகு இரண்டு வீலின் முன்விளிம்பையும் ஒட்டி மெல்லிய கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மேல் வீலில் இரண்டு, கீழ் வீலில் இரண்டு என நாலு இடத்திலும் கம்பி தொட வேண்டும். தொடாவிட்டால் பேரிங் அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, மோட்டார் புல்லி 10 அங்குலம், வீல் புல்லி 24 அங்குலம் என்றால் வீல் 600 சுற்று ஓடும். பிளேடு விநாடிக்கு ஏறக்குறைய 29 மீட்டர் போகும். புளி, வாகை, வேம்பு அறுக்க இது போதும். முதல் நாள் பிளேடு இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டி, பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு பிளேடு மாட்டுங்கள்.

கேள்வி: எங்களுடையதும் 36 அங்குலம்தான். வாரத்துக்கு ஒரு பிளேடு அறுந்து போகிறது. தடிமனான பிளேடாகவே வாங்கியும் பயனில்லை.
*- வாசகர், பொள்ளாச்சி*

பதில்: தடிமனான பிளேடு வாங்கியதே முதல் காரணமாக இருக்கலாம். வீலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளேடின் தடிமன். 36 அங்குலம் என்பது 914 மில்லிமீட்டர், ஆகவே பிளேடு 0.9 மில்லிமீட்டர். 1.2 மில்லிமீட்டர் பிளேடை அதில் மாட்டினால் வளைந்து வளைந்தே சாகும். 6 மீட்டர் நீள பிளேடு, வீல் 600 சுற்றில், நிமிடத்துக்கு 280 தடவைக்கு மேல் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வளைவு.

அறுந்த பிளேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. விரிசல் பல்லுக்கு இடையிலுள்ள குழியில் தொடங்கியிருந்தால் சாணை பிடித்ததில் தவறு. குழி உருண்டையாக இருக்க வேண்டும், மூலை விழுந்தால் அங்கேதான் கீறும். கல்லை அழுத்திப் பிடித்து பல் நீலம் பூத்திருந்தால், சூட்டில் அந்த இடம் கெட்டித்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். லேசாக, இரண்டு மூன்று சுற்றாகத் தேயுங்கள். கடைசிச் சுற்றில் கல் தொட்டும் தொடாமலும் போகட்டும்.

விரிசல் முதுகுப் பக்கம் என்றால், பிளேடு பின்னால் தள்ளிப் போய், அதை நேராகப் பிடித்து வைக்கும் காப்பில் சதா உரசுகிறது. மேல் வீலின் சாய்வைக் கொஞ்சம் மாற்றுங்கள். பல்லின் அடி, வீல் விளிம்பை விட்டுச் சற்று வெளியே நிற்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்திலேயே அறுகிறதென்றால் ஒட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

பழைய மில்களில் கண்ணில் படாமல் போகும் ஒன்று, மேல் வீலைத் தூக்கிப் பிடிக்கும் எடைக் கம்பி. அது தாங்கி ஆடும் கத்திமுனையில் பிசினும் தூளும் அடைத்தால் கம்பி அசையாது. தூள் சிக்கி பிளேடு விறைக்கும்போது மேல் வீல் இறங்கிக் கொடுக்காமல் நின்றுவிடும். கையால் எடையைத் தூக்கி விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் ஆட வேண்டும். வீல் விளிம்பில் பிசின் ஒட்டாமலிருக்க, டீசல் நனைத்த கம்பளித் துண்டு ஒன்று உரசிக்கொண்டே இருக்கட்டும். வேலை முடிந்ததும் எடையைத் தளர்த்திவிடுங்கள், சூடான பிளேடு ஆறும்போது சுருங்கும்.

அறுகிற பிளேடு எந்தப் பக்கமும் பாயும். மேல் வீலுக்கும் கீழ் வீலுக்கும் மூடி இல்லாமல் தாத்தா ஓட்டியிருந்தாலும் நீங்கள் ஓட்டாதீர்கள். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் மில்லுக்குள் ஆகாது.

கேள்வி: பலகை சில நேரம் அலை அலையாக வருகிறது, சில நேரம் ஒரே பக்கமாக இழுத்துப் போகிறது. ஏன்?
*- வாசகர், திண்டுக்கல்*

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். ஒரே பக்கம் இழுத்தால், அந்தப் பக்கப் பல்லுக்கு செட் (பல் பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவு) கூடியிருக்கிறது அல்லது அந்தப் பக்கம் மட்டும் கூர் அதிகம். பக்கத்துக்கு 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் ஒரே அளவு. பல்லின் நுனி மூன்றில் ஒரு பங்குதான் வளைய வேண்டும். அலை வந்தால் பல் மழுங்கியிருக்கிறது, இல்லையேல் தடியை ஏற்றிய டிராலியை அவசரமாகத் தள்ளுகிறீர்கள். மேல் காப்பும் தடியை விட்டு எட்ட நிற்கலாம், அதை இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இறக்குங்கள்.

கேள்வி: தாத்தா பெயரில் இருந்த லைசென்ஸ் புதுப்பிக்காமல் போயிற்று. சொந்தத் தோப்பு மரத்தை மட்டும் அறுக்கவும் லைசென்ஸ் வேண்டுமா?
*- வாசகர், கூடலூர்*

பதில்: மரம் யாருடையது என்பதை வைத்து மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது, அறுக்கிற இயந்திரத்துக்கும் சட்டம் இருக்கிறது. நாடு முழுக்க அறுவை மில்களைக் கட்டிப்போட்ட வழக்கே உங்கள் ஊர்க் காட்டிலிருந்து போனதுதான். கூடலூர் வட்டாரக் காடுகள் அழிவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய உத்தரவு வந்தது. 2002 அக்டோபர் 29 உத்தரவு, லைசென்ஸ் இல்லாத மில்களை உடனே மூடச் சொன்னது. 2016-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டு, மாநில அளவிலான குழுவிடம் முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தது. ஆகவே வீல் தேய்க்கக் கொடுக்கும் முன்பே பழைய லைசென்ஸ், மின் இணைப்பு ரசீது, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை அனுமதியை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: சாலையோரப் புளியமரத் தடி வந்திருக்கிறது. உள்ளே ஆணி இருக்குமா என்று எப்படித் தெரியும்?
*- வாசகர், புளியங்குடி*

பதில்: வெட்டுமுகத்தை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். நீலக் கறுப்பாகக் கறை ஓடியிருந்தால் இரும்பாக இருக்கலாம், மரத்தின் துவர்ப்புச் சத்து ஆணியோடு சேர்ந்து அந்த நிறத்தைத் தரும். கறை வெட்டுமுகத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் தெரியும், ஆணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. ஆகவே அந்தப் பக்கத்தில் தடியின் நீளத்துக்குச் சாக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஆணியைத் தேடி உளியால் தோண்டி எடுத்துவிட்டு அறுங்கள். கறை இல்லை என்பதால் ஆணியே இல்லை என்று ஆகாது. புது ஆணி கறை விட்டிருக்காது, ஆகவே மனிதர் கை எட்டும் உயரத்துப் பட்டையை முழுக்கச் சீவிவிட்டு டிராலியில் ஏற்றுங்கள்.