வாசகர் கேள்வி: பத்திரத்தில் தொடங்கிய பிரிவினை

கேள்வி: பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இலேயே தீர்ப்பளித்தும், அங்குள்ள பெருநகரங்களில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிப்பது ஏன்? இதை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் எவரேனும் உண்டா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பலர் உண்டு, அவர்களுள் நான் முதலில் குறிப்பிட விரும்புபவர் தாமஸ் சுக்ரூ. 1962-இல் டெட்ராய்ட்டில் பிறந்த அவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தபின், 2015 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார். பிறந்த ஊரைப் பற்றி 1996-இல் அவர் வெளியிட்ட நூல், அமெரிக்க வரலாற்று நூல்களுக்கான பான்கிராஃப்ட் பரிசைப் பெற்றது.

தங்கள் கேள்விக்கான விடையை வீட்டுமனையிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் சேர்க்கை பெரும்பாலும் குடியிருக்கும் பகுதியைப் பொறுத்தது என்பதால், யார் எங்கே வீடு வாங்கலாம் என்று தீர்மானித்தவர்களே யார் எங்கே படிப்பது என்பதையும் தீர்மானித்தார்கள். கறுப்பினத்தவருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை கிரையப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் மத்திய வீட்டுவசதி நிர்வாகம் ஆபத்தானவை என்று கருதி, வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. 1941-இல் டெட்ராய்ட்டின் எட்டாம் மைல் சாலைக்கருகே, வெள்ளையருக்கென மனை பிரித்த ஒருவர், பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பை மறைத்து ஆறடி உயரமும் அரை மைல் நீளமும் கொண்ட சுவரை எழுப்பியதும் அந்த உத்தரவாதம் கிடைத்தது. இன்று ஒரு பகுதியில் ஓவியங்கள் தீட்டப்பட்டு அச்சுவர் அங்கேயே நிற்கிறது.

1940களிலிருந்து 1960களின் நடுப்பகுதிவரை, கறுப்பினத்தவர் குடிவருவதைத் தடுக்க அந்நகரில் வெள்ளையர் தொடங்கிய குடியிருப்போர் சங்கங்கள் இருநூறை நெருங்கின என்பதையும், புதிதாகக் குடிவந்த கறுப்பினக் குடும்பங்களின் வீட்டு வாசலில் கும்பல் கூடி ஜன்னல்களை உடைத்ததையும் சுக்ரூ ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். இந்த உழைப்பின் அருமை 1974-ஆம் ஆண்டின் மில்லிகன் வழக்கை நினைத்தால் புரியும். டெட்ராய்ட் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துப் பிரிவினையைக் களையும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது. நகரப் பள்ளிகளில் கறுப்பின மாணவர் மிகுந்ததற்கான காரணங்கள் அறியப்படாதவை, ஒருவேளை அறிய இயலாதவை என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார். சுக்ரூவைப் படித்த எவரும் அதை ஏற்க மாட்டார்.

மாணவர் சேர்க்கையில் இனத்தையும் கருத்தில் கொண்டதை எதிர்த்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளிலும் அவர் பல்கலைக்கழகத் தரப்பு நிபுணராக அறிக்கை அளித்தார். வசிப்பிடமும் பள்ளியும் பிளவுபட்ட மாநிலத்தில், பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை வெவ்வேறு இன மாணவர்கள் பழகும் வாய்ப்பே அரிது என்று அதில் விளக்கினார். 2003-இல் உச்ச நீதிமன்றம் சட்டக் கல்லூரியின் சேர்க்கை முறை செல்லும் என்றும், இளநிலைப் படிப்புச் சேர்க்கையில் இனத்துக்கெனப் புள்ளிகள் வழங்கும் முறை செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.