மூச்சு வந்துவிட்டது என்று ஓடிவிடாதீர்கள்

கேள்வி: ஒருமுறை ஒலிம்பிக் தூர ட்ரையத்லான் முடித்திருக்கிறேன். அரை வருடமாகப் பயிற்சியே இல்லை. பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நாள் ஆகும்?

எனக்கு ஏழு மாதம் விட்டுப்போனது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்கிற ஸ்பிரிண்ட் தூரத்தை நிம்மதியாக முடிக்க மூன்று மாதம் ஆனது. அதன் இரட்டிப்பான ஒலிம்பிக் தூரத்துக்கு மேலும் இரண்டு மாதம். இந்த ஐந்து மாதத்தில் மூன்று வாரம் முழுக்க என் அவசர புத்திக்குப் போனது, அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அந்த இடம் வரும்.

ஜூன் மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிசியோதெரபி, ராத்திரி துணைக்குப் படுப்பது, அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியாகிவிட்டது. பொங்கல் முடிந்த கையோடு மறுபடி ஆரம்பித்தேன். வயது 42, ஆகவே முதலில் டாக்டரிடம் ஒரு ஈசிஜி. நாற்பதைத் தாண்டியவர், அல்லது டெங்கு, சிக்குன்குனியா மாதிரி ஏதாவது வந்து விட்டுப்போனவர் என்றால் நீங்களும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா. அது குறைந்தால் ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற ரத்தமும் குறையும், அதே வேகத்துக்குத் துடிப்பு எகிறும். 1984ல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் கோய்லின் குழு, நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாள் சும்மா இருக்கவைத்து அளந்து பார்த்தது. உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் முதல் 21 நாளில் 7 சதவீதம் இறங்கி, 56ஆம் நாள் வாக்கில் 16 சதவீதக் குறைவில் போய் நின்றது. தசையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தன. நல்ல செய்திதான். ஆனால் சீக்கிரம் போன பிளாஸ்மா சீக்கிரமே திரும்பியும் வரும், அங்கேதான் வில்லங்கம். மூன்று நான்கு வாரத்தில் மூச்சு சீராகி, பழைய ஆள் ஆகிவிட்டோம் என்று தோன்றும். கெண்டைக்கால் தசைக்கும் குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிற அந்த நாணுக்கும் இந்த விஷயம் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.

எனக்கு ஐந்தாவது வாரம். சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலை, 6 கிலோமீட்டர் மெதுவாக ஓடுவதாகத்தான் திட்டம். மூச்சு வாங்கவே இல்லை, சரி என்று கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் என்கிற பழைய வேகத்துக்குப் போனேன், 6 முடிந்தும் நிறுத்தவில்லை. ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் இடது கெண்டைக்காலில் யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி இருந்தது. நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய்தான் படுத்திருந்தது. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன், "காலைல நீங்க ஓடிப் போறதப் பாத்தேனே சார்" என்றார் ஓட்டுநர்.

மூன்று வாரம் கழித்து, அம்மாவுக்கு வந்த அதே பிசியோதெரபிஸ்ட், மாடிப்படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். வலது கால் 22 முறை. இடது கால் ஒன்பதிலேயே நடுங்கியது. இரண்டு காலும் இருபதைத் தாண்டுகிறவரை வேகம் என்ற பேச்சே கூடாது என்றார். நான் செய்த மிக உருப்படியான பயிற்சி இதுதான், தினமும் பல் தேய்க்கும்போதே செய்யலாம். ஓட்டத்தையும் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது என்று மாற்றி ஆறு வாரம் அப்படியே வைத்திருந்தேன். கடற்கரையில் நடந்து போகிற தாத்தாக்கள் முந்திப் போவார்கள், போகட்டும்.

நீச்சல் வேறு கதை. அது மறக்காது, ஆனால் கைக்குத் தண்ணீர் பிடிபடாது. வேளச்சேரியில் 50 மீட்டர் குளத்தில் முன்பு 46 கைவீச்சில் போய்ச் சேர்ந்தவன், முதல் நாள் 58. பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன் "அங்கிள், நான் முன்னாடி போகட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டான். ஒரேயடியாக ஆயிரம் மீட்டர் போட்டால் கெட்ட பழக்கம்தான் கூடும். 50 போய் இருபது விநாடி நின்று மறுபடி 50, வாரத்துக்கு நான்கு நாள் அரை அரை மணி நேரம், வீச்சை எண்ணிக்கொண்டே. எட்டாவது வாரம் 49 வந்தது.

சைக்கிளில் சொல்ல அதிகமில்லை, மூன்றில் அதுதான் சுலபமாகத் திரும்புவது. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர், ஒலிம்பிக் தூரமே கிடைத்துவிடும். தை மாசத்தில் ஈசிஆர் என்கிற இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும், போகும்போது நீங்கள்தான் ராஜா, அந்த வேகத்தைப் பார்த்து மகாபலிபுரம்வரை நீட்டினால் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். சைக்கிளை விட்டு இறங்கியதும் பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள், கால் மரக்கட்டை மாதிரி இருக்கிற அந்த உணர்வு ஐந்தாறு தடவையில் பழகிவிடும்.

ஏப்ரல் வந்ததும் எல்லாக் கணக்கும் மாறும். வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு தணியாது, துடிப்பு ஏறும். அதைப் பார்த்து, கஷ்டப்பட்டதெல்லாம் போச்சே என்று நினைக்காதீர்கள், வேகத்தைக் குறைத்தால் போதும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எனக்கு 1.3 கிலோ இறங்கியது. உப்புப் போட்ட நீர்மோரை மெதுவாக ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

வாட்ச்சில் இருக்கும் பழைய வேகம், பழைய துடிப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் அது தினமும் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம், பல மாதம் நின்ற சைக்கிளை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். டயர் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் கட்டை இறுகிப்போயிருக்கிறதா பாருங்கள், உபரியாக ஒரு ட்யூப் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. கானாத்தூர் தாண்டி ஒரு இளநீர்க் கடை நிழலில் பஞ்சரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.