வாசகர் கேள்வி: கடலில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால்?

கேள்வி (குடியாத்தம் வாசகி): போன மாதம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். ராத்திரி கடலுக்குள் ரொம்ப தூரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் உயரப் போய், மெல்ல மெல்ல இறங்கி அணைந்தது. "யாரோ வாணம் விடுறாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. யாராவது உதவி கேட்டிருப்பார்களா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது அம்மா. வீட்டுக்காரரைக் குறை சொல்லாதீர்கள், பாலாற்று மணலையும் கோட்டை அகழியையும் பார்த்து வளர்ந்த நமக்கு வானத்தில் சிவப்பாக எது போனாலும் தீபாவளிதான்.

ஆனால் தீபாவளி ராக்கெட் கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். கப்பலில் வைத்திருக்கும் பாராசூட் ராக்கெட் 300 மீட்டருக்குக் குறையாமல் மேலே போய், குட்டிப் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு 40 விநாடியாவது சிவப்பாக எரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. பகலில் என்றால் ஆரஞ்சுப் புகை. இன்னொன்று கையில் பிடித்துக் கொளுத்துவது, சுமார் ஒரு நிமிஷம் எரியும். நான் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தபோது பயிற்சிக்கு ஒன்றைக் கொளுத்தச் சொன்னார்கள். பொறி மேலே விழாமல், காற்று போகிற பக்கமாகக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், அந்த ஒரு நிமிஷம் ஒரு யுகம் போல இருந்தது. உங்கள் ஊர்த் தீப்பெட்டி கொஞ்சம் நமுத்தாலே கோபித்துக்கொள்ளும், இதைத் தண்ணீரில் பத்து விநாடி முக்கி எடுத்தாலும் எரிந்துகொண்டே இருக்கும்.

சிவப்பெல்லாம் ஆபத்து என்றும் இல்லை. எல்லாக் கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு எரிந்தால், "கப்பல் என் கட்டுப்பாட்டில் இல்லை, நீங்கள் ஒதுங்கிப் போங்கள்" என்று மற்ற கப்பல்களுக்குச் சொல்வது, அவ்வளவுதான்.

அடுத்த முறை பார்த்தால் நின்ற இடத்தை விட்டு அசையாதீர்கள். கையை நீட்டி, முஷ்டியைக் கடலும் வானமும் சேருகிற கோட்டின் மேல் வைத்து, வெளிச்சம் முஷ்டிக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். எந்தச் சவுக்கு மரத்துக்கு, எந்த விளக்குக் கம்பத்துக்கு நேராகத் தெரிந்தது என்றும் குறித்துக்கொண்டு கடலோரக் காவல்படைக்கு 1554-ல் சொல்லுங்கள். தூரத்தையும் திசையையும் கணக்குப் போட அவர்களுக்கு அது போதும். தப்பாகப் பார்த்திருந்தால்? பரவாயில்லை. 1912-ல் டைட்டானிக் விட்ட எட்டு வெள்ளை ராக்கெட்டுகளைக் கலிஃபோர்னியன் என்ற கப்பலில் இருந்தவர்கள் பார்த்தார்கள், கேப்டனிடமும் சொன்னார்கள், விளக்கை மினுக்கிக் கூப்பிட்டும் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ரேடியோக்காரரை மட்டும் விடிகிற வரைக்கும் யாரும் எழுப்பவில்லை.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): எஸ்.ஓ.எஸ். என்றால் "எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்பதன் சுருக்கம்தானே சார்?

பதில்: இல்லை. ஆபத்தில் இருக்கும் கப்பல் மோர்ஸ் தந்தி மொழியில் அனுப்புகிற ஒலி அது: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. எவ்வளவு இரைச்சலிலும் காது பிடித்துக்கொள்ளும் என்பதால் 1906-ல் பெர்லின் மாநாட்டில் ஒத்துக்கொண்டது. விரிவாக்கமெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): கரையிலிருந்து பார்த்தபோது ஒரு படகில் ஒருவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் பதிலுக்கு டாட்டா காட்டினார்கள். சரிதானே?

பதில்: ஐயோ! அது டாட்டா இல்லை சார். கையில் வேறு ஒன்றும் இல்லாதவன் உதவி கேட்கிற சைகை, சர்வதேசப் பட்டியலிலேயே இருக்கிறது. டாட்டாவுக்குக் கை வேகமாக ஆடும், பெரும்பாலும் ஒரு கைதான். அடுத்த தடவை அப்படிப் பார்த்தால் ஒரு பிள்ளையை அந்தப் படகைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்லிவிட்டு, நீங்கள் போனை எடுங்கள்.