அடைப்புக்குறியை அழியுங்கள்

கேள்வி: என் மகன் 5-ஆம் வகுப்பு. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தடங்கலில்லாமல் உரக்க வாசிப்பான். புத்தகத்தை மூடிவிட்டு என்ன படித்தாய் என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறான். தேர்வுக்கு முன் விடை இருக்கும் வரிகளுக்கு நானே பென்சிலால் அடைப்புக்குறி போட்டுத் தருவேன். மனப்பாடம் செய்து எழுதிவிடுவான். புதிய பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் காலியாக விட்டுவிடுகிறான். டியூஷனில் சேர்க்கலாமா?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: டியூஷன் வேண்டாம். பல இடங்களில் காசு வாங்கிக்கொண்டு இதே அடைப்புக்குறியைத்தான் போடுவார்கள்.

'நானே போட்டுத் தருவேன்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். சிக்கலே அதுதான். கேள்விக்கு எந்த வரி பொருந்தும், எது பொருந்தாது என்று தேடுவதில்தான் பிள்ளைக்குப் புரிதல் வளரும். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஒப்பிப்பதை மட்டும் அவனுக்கு விட்டுவைத்திருக்கிறீர்கள். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு அவன் படிப்பு பலியாகலாமா? இதை அக்கறை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்றே எல்லாக் குறிகளையும் ரப்பரால் அழியுங்கள். தினம் 20 நிமிடம் செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். பெற்றவர்கள் செய்ய வேண்டியது இது. எட்டுப் பத்து வரியுள்ள ஒரு பத்தி போதும். கேள்விகளை மூடி வையுங்கள். முதலிலேயே பார்த்தால் கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியை அப்படியே எழுதிவிடுவான். மனதுக்குள் வாசிக்கட்டும். உரக்க வாசிக்கும்போது கவனமெல்லாம் உச்சரிப்பில் போய்விடும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "ராஜா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு" என்றால் புரிந்திருக்கிறது. "மன்னர் சினம் கொண்டு சென்றார்" என்றே வந்தால் வரி மட்டும்தான் நினைவில் இருக்கிறது. ஆங்கிலப் பத்தியையும் இப்படியே தமிழில் சொல்லட்டும்.

தடுமாறும் இடத்தைக் கவனியுங்கள். 'அவர்', 'அது' யாரை, எதைக் குறிக்கிறது என்பதில் பல பிள்ளைகள் சறுக்குவார்கள். 'இருப்பினும்', 'ஆயினும்' வீட்டுப் பேச்சில் வராத சொற்கள், தாண்டிப் போய்விடுவார்கள். 'நல்ல மழை பெய்தது. இருப்பினும் ஏரி நிரம்பவில்லை' என்று இருக்கிறது. ஏரி நிரம்பியதா என்றால் வரியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஏன் நிரம்பவில்லை என்றால் விடை பத்தியில் இல்லை. வாய்க்கால் தூர்ந்திருக்குமோ, கரை உடைந்திருக்குமோ என்று அவனே யோசிக்க வேண்டும். அவன் காலியாக விடுவது பெரும்பாலும் இந்த வகைக் கேள்வியாகத்தான் இருக்கும். தினம் ஒன்றாவது கேளுங்கள். அவன் யோசிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

கதைப் புத்தகம் வாங்கும்போது, ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் இப்போதைக்கு அது வேண்டாம்; எளிதானது கொடுங்கள்.

தேர்வுப் பாடத்தில் பென்சில் அவன் கையில் இருக்கட்டும். தவறான வரியைக் குறித்தால் உடனே திருத்தாமல், "ஏம்ப்பா இந்த வரி?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல முயலும்போதே பாதித் தவறுகளை அவனே கண்டுபிடிப்பான்.

அடுத்த தேர்வில் மதிப்பெண் இறங்கலாம். அவன் அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ரேங்க் கார்டைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டினால், மறுநாளே நீங்கள் மறுபடி பென்சிலை எடுத்துவிடுவீர்கள்.