மல்லிகைப்பூ, சினிமாப் பாட்டு, அசனச் சாப்பாடு: விசுவாசிக்கு இதெல்லாம் ஆகுமா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பிறந்த வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு ஒரு ஜெப ஐக்கியத்துக்குப் போகிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“சமைக்கும்போது பழைய சினிமாப் பாட்டு தானாக வாயில் வருகிறது. தலையில் பூ வைத்தால் மனசு நிறைகிறது. பிள்ளைகளை மணப்பாடு கடற்கரைக்குக் கூட்டிப்போனால் நானும் பிள்ளையாகிவிடுகிறேன். வீடு திரும்பியதும் உறுத்தல். ‘உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்’ என்ற வசனம் காதில் ஒலிக்கிறது. எங்கள் ஊர் அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, போவதையே வயிற்றுக்காகப் போவது என்கிறார்கள் ஐக்கியத்தில். ஐயா, இந்த உறுத்தல் ஆவியானவர் தருவதா, வெறும் பயமா? எப்படிக் கண்டுபிடிப்பது?”

சகோதரி, அந்த வசனத்திலிருந்தே தொடங்குவோம். 1 யோவான் 2:15-ஐச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் 16-க்குப் போவதில்லை. ‘உலகம்’ என்று தான் எதைச் சொல்கிறார் என்பதை யோவானே அங்கே விளக்கிவிடுகிறார்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. பூவும் கடலும் அந்தப் பட்டியலில் இல்லை. ‘தேவன் இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்’ என்று யோவான் 3:16-ல் வருகிறதே, கிரேக்க மூலத்தில் அங்கேயும் இங்கேயும் ‘காஸ்மாஸ்’ என்ற ஒரே சொல்தான். ஆக, சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

பவுல் பணக்காரர்களை எச்சரிக்கும் இடத்தைப் பாருங்கள் (1 தீமோத்தேயு 6:17). ‘சுகத்தையெல்லாம் விட்டுவிடுங்கள்’ என்று சொல்வதற்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அவரோ, ‘நாம் அநுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் நமக்குச் சம்பூரணமாய்க் கொடுக்கிற ஜீவனுள்ள தேவன்’ என்கிறார். சகித்துக்கொள்வதற்கு என்று சொல்லவில்லை, அநுபவிக்கிறதற்கு. இரண்டு அதிகாரம் முன்னால், விவாகத்தையும் சில உணவுகளையும் விலக்கச் சொல்கிற போதகர்களை அவர் என்ன பாடு படுத்துகிறார் என்பதையும் வாசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் பிடித்த பகுதி உபாகமம் 14. தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, தூக்கிக்கொண்டு போக முடியாத அளவுக்கு வழி தூரமானால், அதை விற்றுப் பணமாக்கிக்கொண்டு ஆண்டவர் தெரிந்துகொண்ட இடத்துக்குப் போ; அங்கே ஆடு, மாடு, திராட்சரசம் என்று உன் மனசு கேட்பதை வாங்கி, அவருடைய சந்நிதியில் வீட்டாரோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்கிறது. தசமபாகத்தைப் பற்றிய பிரசங்கம் எத்தனையோ கேட்டிருப்பீர்கள். இந்த வசனத்தை யாராவது வாசித்தார்களா? ஆனால் அடுத்த வரிகளையும் விடக்கூடாது. உன் ஊரில் இருக்கும், சொந்த நிலமில்லாத ஆலய ஊழியனான லேவியனைக் கைவிடாதே, மூன்றாம் வருஷத்துப் பங்கை அவனும் பரதேசியும் அநாதைப் பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாகட்டும் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

இயேசுவைப் பற்றி எதிராளிகள் சொன்ன புகாரே ‘போஜனப்பிரியன்’ என்பதுதான் (லூக்கா 7:34). அது அவதூறுதான். ஆனாலும், விருந்து வீடுகளில் சந்தோஷமாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர்மீதுதானே அப்படி ஓர் அவதூறு ஒட்டும்?

உங்கள் கேள்வி புதிதும் அல்ல. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் கங்க்ரா என்ற ஊரில் ஆயர்கள் ஒரு சங்கம் கூடினார்கள். யுஸ்தாத்தியு என்பவரைப் பின்பற்றிய ஒரு கூட்டம், கல்யாணமானவர்களையும் இறைச்சி சாப்பிடுகிறவர்களையும் இரட்சிப்புக்கு ஆகாதவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்தியோடு இறைச்சி சாப்பிடுகிறவனைக் குற்றவாளி என்று தீர்க்கிறவனே சபைக்குப் புறம்பானவன் என்று சங்கம் எழுதிவைத்தது. தாழ்மையோடு துறவு காக்கிறவர்கள்மேல் எங்களுக்கு வருத்தமில்லை, அதைக் காட்டி மற்றவர்களை இளக்காரம் செய்கிறவர்களைத்தான் சொல்கிறோம் என்றும் கடைசியில் சேர்த்தது. 1,600 வருஷத்துக்கு முந்திய தீர்மானம். இன்றைக்கும் பல கூட்டங்களில் வாசிக்கலாம்.

பழைய சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டினுக்கும் உங்களைப் போல ஓர் உறுத்தல் இருந்தது. கோயிலில் பாட்டுக் கேட்கும்போது, வார்த்தையைவிட ராகம் தன்னை அதிகம் இழுத்துவிட்டால் அது பாவமாகிவிடுமே என்று ‘அறிக்கை’ என்ற தன் நூலின் பத்தாம் புத்தகத்தில் தவிக்கிறார். பாட்டே வேண்டாம் என்றுகூட யோசிக்கிறார். கடைசியில், பாட்டு சபையில் இருக்கட்டும் என்ற பக்கம்தான் சாய்கிறார்.

நம் தமிழ்ச் சபைக்கும் இதில் ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதிதாக வந்த மிஷனரிகள் கல்யாணத்தில் பூ கூடாது, கோயிலில் தமிழ்க் கீர்த்தனை கூடாது என்றபோது கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எதிர்த்து எழுதினார். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியது சரி. ஆனால் சபையில் சாதி வித்தியாசத்தைக் கலைக்கக் கூடாது என்றும் அதே எழுத்தில் வாதாடினார். ‘இது எங்கள் வழக்கம்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. மல்லிகைப்பூ யாரையும் பந்தியிலிருந்து எழுப்புவதில்லை, சாதி எழுப்புகிறது.

சரி, உறுத்தலுக்கு வருவோம். ஆவியானவர் கண்டித்துணர்த்தும்போது விஷயம் துலக்கமாக இருக்கும். கடன் வாங்கிப் பட்டுச்சேலை எடுத்தாய், நாத்தனாரை நாலு பேர் முன்னால் கேலி செய்து சிரித்தாய் என்று குறிப்பாகச் சொல்லும்; போய்ச் சரிசெய்யவும் ஒரு வழி காட்டும். பயம் அப்படி இல்லை. எதற்கென்றே சொல்லாது. கடற்கரையில் சிரித்தாயே, ஏதோ தப்பு என்று மட்டும் முணுமுணுக்கும். கடற்கரையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். பதிலில் பாவம் என்று ஒன்று அகப்படாவிட்டால், அந்தக் குரலுக்கு மரியாதை தர வேண்டியதில்லை. சாப்பிடப் பயம், தூங்கப் பயம், ஒரே மன்னிப்பு ஜெபத்தை நாளெல்லாம் திரும்பத் திரும்பச் செய்கிறேன் என்ற அளவுக்குப் போனால், போதகரிடம் பேசுவதோடு ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை.

நான் என்னிடம் கேட்டுக்கொள்கிற கேள்வி: இதற்காகப் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் பண்ண வாய் வருமா? சோற்றுக்கு முன்னால் ஜெபம்பண்ணுகிறோம். அலையில் கால் வைக்கும் முன் யார் ஜெபம்பண்ணுகிறோம்? பண்ணிப் பாருங்கள். சினிமாப் பாட்டையும் இதில்தான் உரசுவேன். தாலாட்டு, மழை, அம்மா என்று வரும் பாட்டுகளுக்கு நன்றி சொல்ல எனக்குத் தடையில்லை. பெண்ணை இழிவாகப் பேசும் பாட்டு எவ்வளவு நல்ல மெட்டாக இருந்தாலும் வாய் வரவில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம் 1 கொரிந்தியர் 6:12. எல்லாவற்றையும் அநுபவிக்க அதிகாரமுண்டு, ‘ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்’. பூ சாயங்காலம் வாடிவிடும், உங்களை ஒன்றும் கேட்காது. ராத்திரி பதினொரு மணிக்கு ரீல்ஸ் அப்படி விடுமா? நீங்கள் எழுதிய எதைவிடவும், எழுதாமல் விட்ட அந்தக் கைப்பேசிதான் எனக்குக் கவலை. நகை விஷயமும் சொல்லிவிடுகிறேன். நகை கூடாது என்கிறவர்கள் காட்டும் 1 பேதுரு 3:3-ல் பொன்னோடு கூட ‘உயர்ந்த வஸ்திரங்களும்’ இருக்கின்றன. கம்மலைக் கழற்றிவிட்டுப் பட்டில் போட்டிபோடுகிறவர்கள் வசனத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறார்கள்.

இதனால் உபவாசம் வேண்டாம் என்று ஆகாது. கெட்டதை விடுவது மனந்திரும்புதல். நல்லதைக் கொஞ்ச நாள் தள்ளிவைப்பதுதான் உபவாசம். லெந்து என்ற தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் லெந்து 40 நாள். உயிர்த்தெழுந்த நாளில் உபவாசம் கூடாது என்று சபையே கழித்து வைத்திருக்கிறது.

உங்கள் கணவரிடம் இதையெல்லாம் வசன எண்ணோடு ஒப்பித்து வாதாட வேண்டாம். ரோமர் 14:3 இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது: புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக் கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. அவர் வீட்டில் இருக்கும்போது பாட்டைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்துவைத்தால் நல்லதுகூடத் திருட்டுத்தனமாகிவிடும். மணப்பாட்டுக்கு அடுத்த முறை அவரையும் கூப்பிடுங்கள். வராவிட்டால் முகத்தைத் தூக்கிவைக்க வேண்டாம்.

அசனத்துக்குக் கட்டாயம் போங்கள். வயிற்றுக்காகத்தானே என்று கேட்டால், ஆமாம், வயிற்றுக்காகவும்தான் என்று சொல்லுங்கள். ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே அண்டாவில் வெந்த கறியைச் சாப்பிடுவது எனக்கு உபாகமம் 14 மாதிரியே தெரிகிறது. போகும்போது ஒரு தூக்குவாளி கொண்டுபோங்கள். எழுந்து வர முடியாத யாராவது உங்கள் தெருவில் இருப்பார்கள்.